அப்பாவுக்கென்று போட்ட தோட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தது மூன்று பேர்: அம்மா, ராயகிரியில் வாக்கப்பட்டிருக்கும் என் அக்கா, நான். அப்பா இல்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது முழுக்க அவரைப் பற்றித்தான். அவரோ, தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவு நூலை மறுநாளைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று லீவு நாளும் அதுவுமாக விசைத்தறி செட்டுக்குப் போயிருந்தார்.

அதற்கு முந்தின வாரம் ஒரு டாக்டர் அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். என்னிடம்தான் காட்டினார், அப்பாவிடம் இல்லை. "பஞ்சுத் தூசி ரொம்ப நாளா உள்ள போயிருக்கு தம்பி. இனிமேலாவது போகாமப் பாத்துக்கிட்டா, இருக்கிற மூச்சு இருக்கும். திரும்பவும் தறிக்குப் போனார்னா நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், தறி செட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்துச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். "கடைசித் தறி சரியா ஓடலியேய்யா. எவன் ஓட்டுதான்?" என்றார்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னால் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. அப்பாவைத் தறிக்குப் போகவிடாமல் வைப்பது எப்படி?

"வீட்ல இருங்கன்னு தலபாடா அடிச்சுக்கிடுதேன். ரெண்டு நாள் இருந்தா மூணாம் நாள் கைலியக் கட்டிக்கிட்டுக் கெளம்பிருதாரு" என்றாள் அம்மா. "அந்த ரெண்டு நாளும் என்ன செய்யுதாரு தெரியுமா? கதவுக்கெல்லாம் எண்ணெய் போடுதாரு. போட்டுப் போட்டு இப்பம் நடைக்கதவு தன்னால தொறக்கு."

அக்கா சிரித்தாள். "சும்மா இருங்கன்னா எந்த மனுஷன் இருப்பாரு? வேலை குடுங்க. பின்னால இம்புட்டு எடம் முள்ளு மண்டித்தான கெடக்கு. நாலு கத்தரிச் செடி வைங்க, அஞ்சு கோழியப் போடுங்க. எங்கூர்ல எங்க மாமனார் அப்படித்தான் ஓட்டுதாரு பொழுத."

அவள் சொன்னது அவ்வளவுதான். நாலு செடி, அஞ்சு கோழி. நான்தான் உள்ளே போய், காலேஜில் மிச்சமிருந்த கிராஃப் பேப்பரை எடுத்துவந்து தரையில் விரித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், அம்மாவுக்கு அதுவும் கிடையாது. அக்கா நாலாம் வகுப்போடு நின்றாள், நான் பிறந்தபோது என்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று. எங்கள் வீட்டில் நான் பேப்பரில் எழுதுகிற எதற்கும், நான் சம்பாதிக்காத ஒரு மதிப்பு இருந்தது.

கொல்லையை அளந்து கட்டம் போட்டேன். வெயில் எந்தப் பக்கம் விழும், எந்தப் பக்கம் முருங்கை நிழல், எங்கே கொடிப்பந்தல், எங்கே பாத்தி, எங்கே கோழிக்கூடு. கோழி எச்சம் தோட்டத்துக்கு உரம், தோட்டத்துக் கழிவு கோழிக்குத் தீனி என்று இரண்டுக்கும் நடுவே அம்புக்குறி வரைந்தேன். அக்கா குனிந்து பார்த்தாள்.

"ஏலே, கோழிக்கு கிராஃப் பேப்பர்ல வீடு கட்டுத மொத ஆளு நீதாம்ல. கக்கூஸ் எங்கன வச்சிருக்க?"

சாயங்காலம் அப்பா வந்தார். புருவத்திலும் காது மடலிலும் வெள்ளைப் பிசிறு ஒட்டியிருந்தது. தறிக்காரர்கள் எல்லோரையும் போல அவருக்கும் வீட்டுக்குள் மெதுவாகப் பேச வராது, தறிச்சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. "என்னல இது, ரேஷன் கடைக்கு பிளானா?" என்று தெருவுக்கே கேட்கக் கேட்டார். நான் விளக்கினேன். அவர் விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டே வந்தார்.

"இந்தக் கட்டம் என்னது?"

"அது நடக்கிற பாதைப்பா."

"நடக்கதுக்கும் கட்டமா? நல்லாத்தான் இருக்கு." பேப்பரை அப்படியே வைத்துக்கொண்டு, "மொதலாளிகூட ஒரு காரியம் சொன்னாரு..." என்று ஆரம்பித்தார்.

"எப்பா, ஒங்க மொதலாளியா வந்து ஒங்களுக்கு மூச்சு விடுவாரு?" என்று அக்கா குறுக்கே விழுந்தாள். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார், சிரிப்பு இருமலாகி அடங்க நேரமானது. அதற்குப் பிறகு, "சரிய்யா. படிச்ச பிள்ள போட்டிருக்க. சரியாத்தான் இருக்கும்" என்றார். முதலாளி சொன்ன காரியம் என்ன என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

தோட்ட வேலை ஆடி மாதம் தொடங்கியது. ஊர்க் கோயிலில் தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த மறுநாள், அப்பா தறி செட்டில் சொல்லிவிட்டு வந்து மண்வெட்டியை எடுத்தார். எங்கள் மண் கரிசல். மழையில் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு காலை மட்டும் விடும், வெயிலில் கைநுழைகிற அளவுக்கு வெடிக்கும். ராயகிரியிலிருந்து மச்சான் ஒரு லோடு ஆட்டோ நிறையச் சாணி எருவும் மணலும் கொண்டுவந்து தட்டினார். நான் பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் ஒரு இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். காலையில் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரம், வந்தபின் ஒரு மணி நேரம் கூட நிற்பேன். மற்ற நேரமெல்லாம் அப்பாவும் அம்மாவும்தான்.

பந்தல் போட்டபோது அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கழிவு நூலை முறுக்கிக் கயிறாக்கி, கம்புக்குக் கம்பு குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினார். பேசியது என்னிடம், கையில் முடிச்சு அதுபாட்டுக்கு விழுந்தது. பாகலும் புடலையும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஏறின. அம்மா, "பாவு ஓட்டுன மாதிரில்லா இருக்கு" என்றாள். "இது சாயம் போகாத பாவுட்டி" என்றார் அப்பா.

அவருக்குப் பிடிபடாதது ஒன்றுதான். அமைதி. "இங்கன சத்தமே இல்லியேல. எப்படி வேல செய்யுறது?" என்று ஃபோனில் பாட்டை உச்சத்தில் வைத்து மதில் மேல் நிறுத்துவார். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, கத்தரிக்காய்க்குப் பாட்டு கேக்கணுமாக்கும்?" என்பாள்.

"தறிக்காரன் தோட்டம் தாயி. சத்தம் இல்லேன்னா காய்க்காது."

காய்த்தது. வெண்டை முதலில் வந்தது, பிறகு சீனியவரை என்று நாங்கள் சொல்லும் கொத்தவரை சரம் சரமாக. அப்பா ஒரு துணிப்பையில் சீனியவரையைப் போட்டுக்கொண்டு சாயங்காலங்களில் அந்த டீக்கடைக்குப் போய், செட்டிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்துவிட்டு வருவார். உள்ளே போக மாட்டார். ராத்திரி இருமல் குறைந்திருந்தது. அம்மா அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், கண்பட்டுவிடும் என்று. என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்துவாள். அந்த இரண்டு மூன்று மாதம் எங்கள் வீடு நன்றாக இருந்தது. இதை எழுதும்போதும் அதை நான் மறுக்க விரும்பவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு காலையில் பஸ் ஸ்டாண்டில் அப்பாவோடு தறி ஓட்டிய ஒருவர் என்னைப் பிடித்தார்.

"என்ன தம்பி, ஒங்கப்பா மடிப்பு வேலைய வேண்டாம்னுட்டுக் கோழி மேய்க்கப் போறாராமே?"

எனக்குப் புரியவில்லை. அவர் விவரம் சொன்னார். செட்டின் முன்பக்கம், தறிகள் ஓடும் கூடத்துக்கு வெளியே, தெருவைப் பார்த்த ஓர் அறை உண்டு. நெய்து வந்த சேலைகளை அங்கேதான் விரித்துப் பார்த்து, மடித்து, கட்டுக் கட்டி அடுக்குவார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை, கூலி குறைவு, ஆனால் தூசி வராது. அப்பாவின் நெஞ்சைப் பற்றிக் கேள்விப்பட்டதும் முதலாளி அவராகவே கூப்பிட்டு அதைத் தருவதாகச் சொன்னாராம். அப்பா ஒரு நாள் தவணை கேட்டுவிட்டு வந்தவர், பிறகு வேண்டாம் என்றிருக்கிறார். "மகன் பிளான்லாம் போட்டு வச்சிருக்கான் மொதலாளி, மாட்டேன்னா அவன் மனசு சங்கடப்படும்னு சொன்னாரு தம்பி. மொதலாளியும் கொஞ்ச நாள் காலியா வச்சுப் பாத்தாரு. இப்பம் வேற ஆளப் போட்டாச்சு."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதை யோசித்துக்கொண்டே போனேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு வருத்தமாக இல்லை. செட்டையும் சிநேகிதர்களையும் விட்டுவிட்டு என் தோட்டத்தை எடுத்துக்கொண்டார் என்று பெருமையாகக்கூட இருந்தது. வெண்டை காய்த்துக்கொண்டிருந்த காலம். சத்தத்துக்கு நடுவில், தெரிந்த ஆட்களோடு, மூச்சுக்கும் கேடில்லாமல் உட்கார்ந்திருக்க ஒரு இடம் அவருக்குக் கிடைத்திருந்தது. அது எங்கள் நாலு பேரின் சிரிப்பில் அடிபட்டுப் போயிற்று என்று எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

கோழிக் காரியம் ஐப்பசியில் வந்தது. அக்கா மறுபடியும் அதையேதான் சொன்னாள். "அஞ்சு பெட்ட, ஒரு சேவல். அது பாட்டுக்கு அடைகாத்துப் பெருகும். குப்பையக் கிண்டி அதுவே தின்னுக்கிடும்ல." எனக்கு அது சரியாகப் படவில்லை. அவிழ்த்துவிட்ட கோழி பாத்தியைக் கிளறாமல் விடுமா? கூட்டில் அடைத்து வளர்த்தால் தோட்டமும் தப்பும், கோழியும் வளரும். தினம் பஸ்ஸில் வீடியோ வீடியோவாகப் பார்த்து முடிவு செய்திருந்தேன். ஒரு பண்ணையிலிருந்து ஐம்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகள் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கின. பிறந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. அப்பா பெட்டியைத் திறந்தவர் முகத்தை எடுக்கவில்லை. "எம்புட்டுச் சத்தம் போடுது பாரு!" என்றார். இத்தனை மாதத்தில் அந்தக் கொல்லையில் அவருக்குப் பிடித்த சத்தம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வெளியே கூடு தயார், ஆனால் குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும், பூனைக்கும் பயம். பின்பக்கத்துச் சின்ன அறையைக் காலி செய்து, அட்டையை வட்டமாக நிறுத்தி, நடுவில் குண்டு பல்பைத் தொங்கவிட்டோம். தரையில் உமி பரப்ப வேண்டும் என்று என் பேப்பரில் இருந்தது. நாலு நாளாக மழை. ரைஸ் மில்லில் உமி நனைந்து கிடந்தது. நான் பைக்கில் இரண்டு ஊர் அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

"உமிக்கு எதுக்குய்யா நனையுத? நம்ம செட்ல மூட மூடையாக் கெடக்கு" என்றார் அப்பா.

அரைமணி நேரத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். தறியிலிருந்து விழுகிற பிசிறுப் பஞ்சும் அறுந்த நூலும். வெள்ளை, நடுவே சிவப்பு, பச்சை, மஞ்சள் இழைகள். உதறி உதறி அந்த வட்டத்துக்குள் கனமாகப் பரப்பினார். என் திட்டத்தில் அவராகச் சேர்த்த முதல் விஷயம் அது. குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் விட்டார். அவை பாதி உடம்பு உள்ளே அமுங்க, பல்பு வெளிச்சத்தில் கண்ணை மூடின.

"கல்யாண வீட்டு மெத்த மாதிரில்லா இருக்கு" என்றாள் அம்மா. வீடியோ காலில் பார்த்த அக்கா, "எங்க வீட்டுப் பிள்ளையளுக்கே இப்படி மெத்த கெடையாதுப்பா. என்னையும் அங்கன கூப்பிட்டுக்கிடுங்க" என்றாள். எனக்கும் அது உமியைவிட நல்ல யோசனையாகத்தான் பட்டது.

எங்களுக்கு நூலிடம் பயம் கிடையாது. விளக்குக்குத் திரி, தலையணைக்கு அடைசல், வண்டி துடைக்க, வெட்டுக்காயத்தில் அமுக்க, கொடி கட்ட, எல்லாவற்றுக்கும் செட்டுக் கழிவுதான் எங்கள் வீட்டில். வேறு எந்த வீட்டிலாவது இந்தக் குஞ்சுகள் போய்ச் சேர்ந்திருந்தால் ஈர உமியைக் காயவைத்துப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் பழைய பேப்பரைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். நூலை யாரும் விரித்திருக்க மாட்டார்கள்.

அப்பா அந்த அறையிலேயே கிடந்தார். பூனை வரும், குளிர்காற்று அடிக்கும் என்று கதவும் ஜன்னலும் அடைத்தபடியே இருக்கும். எச்சம் பட்ட பஞ்சை எடுத்துத் தட்டி, நல்லதை உதறித் திரும்பப் பரப்புவார். குஞ்சுகளும் சும்மா இருக்காது, நாள் முழுக்க காலால் கிண்டி விசிறும். பல்பு வெளிச்சத்தில் தூசி மிதப்பதை நானே பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாகக்கூட இருக்கும். எந்தத் தூசிக்குப் பயந்து அவரைச் செட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தோமோ அதையே சாக்கில் கட்டி வீட்டுக்குள் கொண்டுவந்து, கதவை அடைத்து, உள்ளே அவரையும் உட்கார வைத்திருக்கிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இருமல் திரும்பியபோது அம்மா, "மழைக்காலம்லா, அப்படித்தான் இருக்கும்" என்று சுக்கு தட்டிப் போட்டுக் கொடுத்தாள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது அப்பா அறை வாசலில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு குஞ்சை மடியில் மல்லாத்தி வைத்திருந்தார். நொண்டுகிறது என்றார். காலை விரித்துக் காட்டினார். விரலிடுக்கில் ஒரு பச்சை இழை, தெரியாத அளவுக்கு மெல்லியது, சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. அதற்குக் கீழே விரல் கறுத்துவிட்டது. தறியில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியால் அதை அறுத்து எடுத்தார். எடுத்து முடித்ததும், "இன்னொண்ணு அங்கன நிக்கி பாரு" என்றார். அதற்கும் இருந்தது. பிறகு பார்க்கப் பார்க்கப் பாதிக்குமேல் இருந்தது.

ராத்திரியோடு ராத்திரியாகப் பஞ்சை முழுதும் அள்ளி வெளியே போட்டு, பேப்பர் விரித்தோம். கால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆனால் அதற்குப் பிறகு குஞ்சுகள் தீனி எடுக்காமல் நின்றன. கழுத்துக்குக் கீழே தீனி தங்குகிற பை உருண்டையாகக் கல்போல் புடைத்திருந்தது. காலையில் இரண்டு, மத்தியானம் மூன்று என்று சாய்ந்து கிடந்தன. உயிரோடு இருந்த ஒன்றையும் செத்த ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு நானும் அப்பாவும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்தவர் செத்ததை அறுத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து நூல் சுருளை இடுக்கியால் இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது, வெள்ளையும் சிவப்புமாக.

"புழுன்னு நெனச்சுக் கொத்தித் தின்னுருக்கு. யாரு வே குஞ்சுகள நூல்ல படுக்க வச்சது?"

"எல்லாரும் சேந்துதான் சார்" என்றேன்.

"இல்ல சார்" என்றார் அப்பா. "நாந்தான்."

வண்டியில் வரும்போது அப்பா என் தோளைப் பிடித்திருந்தார். "நூலு இப்படிச் செய்யும்னு எனக்குத் தெரியாதுய்யா" என்றார். "இம்புட்டு வருசம் தொட்ட நூலு." நான் என்னமோ சமாதானம் சொன்னேன். அவருக்கு வண்டிச் சத்தத்தில் கேட்டிருக்காது.

பத்துப் பதினைந்து குஞ்சுகள் மிஞ்சின. அவற்றில் சிலவற்றுக்கு விரல் இல்லை. கொஞ்சம் வளர்ந்ததும் வெளிக்கூட்டுக்கு மாற்றினோம். ஒரு காலையில் அப்பா கூட்டுக் கதவைத் திறந்து விட்டுவிட்டார். "இனிமே அடைக்க வேண்டாம்யா. அதுகள் வெளிய கெடக்கட்டும்."

"பாத்தியக் கிண்டிரும்ப்பா."

"கிண்டட்டும்."

கிண்டின. கீரை முதலில் போனது, பிறகு தக்காளி நாற்று. சீனியவரையின் வேரைக் கிளறிப் போட்டன. பந்தல் மட்டும் மேலே நின்றது. அப்பா பின்வாசல் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், கையைக்கூட ஓங்க மாட்டார். ஃபோனில் பாட்டு வைப்பதும் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்த அக்கா, என்னைத் தனியாக இழுத்து, "ஏலே, அவரப் பாக்கியாடா நீ? செடியப் பத்தியே பேசிக்கிட்டிருக்க" என்றாள். நான் வேலி போட வலை விலை விசாரித்துக்கொண்டிருந்தேன் அப்போது.

தை பிறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை. நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா தறிக்குக் கட்டுகிற பழைய கைலியைக் கட்டிக்கொண்டு நடையில் நின்றார். அம்மா குறுக்கே நின்றாள்.

"எங்க போறீக?"

"செட்டுக்கு."

"டாக்டர் என்ன சொன்னாரு? சாகப் போறீகளா?"

"ஏட்டி, சும்மா கத்தாத. அங்கன எனக்கு வேலை தெரியும். இங்கன நான் தொட்டதெல்லாம் செத்துப் போகுது."

"கோழிக்குஞ்சுதானப்பா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. "ஒனக்குக் கோழிக்குஞ்சுய்யா" என்றார். அம்மா நகர்ந்து வழிவிட்டாள்.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. நேரே முதலாளியிடம் போனேன். மடிப்பு வேலையைப் பற்றி இப்போதுதான் நினைவு வந்தது. அவர் நல்ல மனிதர், என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். "அப்பவே சொன்னேனே தம்பி. ஒங்கப்பாதான் வேண்டாம்னாரு" என்றார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் சேலையை மடித்துக்கொண்டிருந்தார். அப்பாவைவிட வயது குறைவுதான். மடிப்பை நிறுத்திவிட்டு ஒருமுறை இருமினார். "அவனுக்கும் நெஞ்சுதான். ரெண்டு பொம்பளப் பிள்ள. அவன எழும்புன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நீயே சொல்லு" என்றார் முதலாளி. நான் எழுந்து வந்தேன். கூடத்துக்குள் அப்பா கடைசித் தறியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, போ என்று கையை அசைத்தார். அந்தச் சத்தத்தில் பக்கத்துத் தறிக்காரர் ஏதோ கேட்க, இவர் அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

வைகாசியில் ஒரு மத்தியானம் செட்டிலிருந்து ஃபோன் வந்தது. திருவேங்கடத்திலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் அவரைக் கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். அங்கேயே பார்த்திருந்தால் போதுமோ என்னவோ, நாங்கள் பயந்துபோய் திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். இனித் தறி இல்லை, அவராலேயே முடியாது. செட்டுவரை நடந்தால் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டும். இழுத்து உறிஞ்சுகிற மருந்து ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கிறது. இப்போது அவருக்கு வீட்டில் செய்ய ஒரு வேலையும் இல்லை. நாங்களும் கொடுப்பதில்லை. மிச்சக் கோழிகளை அக்கா ராயகிரிக்கு எடுத்துப் போய்விட்டாள், அங்கே குப்பைமேட்டில் நன்றாகத்தான் மேய்கின்றனவாம்.

யோசித்துப் பார்த்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களில் யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. அவர் இருக்கும்போது பேசியிருக்கலாம். மறுநாள் பேசியிருந்தால்கூடப் போதும், முதலாளி சொன்ன காரியத்தை அவர் முதலில் சொல்லியிருப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு சாயங்காலம் அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். இப்போதெல்லாம் அவருக்குக் குரல் தாழ்ந்துவிட்டது, குனிந்துதான் கேட்க வேண்டும்.

"தோட்டம், கோழி, ஆஸ்பத்திரி எல்லாம் சேத்து எம்புட்டுய்யா ஆச்சு?"

"சவத்த விடுங்கப்பா, அது எதுக்கு இப்போ?"

"சொல்லுய்யா. தெரிஞ்சுக்கிடணும்லா."

நாற்பதாயிரம் என்று சொன்னேன். அதற்கே அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனது எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.